வெள்ளம் மறித்த நத்தார்: வன்னியில் ஒரு காதல் கதை எழுத முழுமையான வழிகாட்டி

குளிர் நாடுகளில் நத்தார் (கிறிஸ்துமஸ்) காலத்துக்கென்றே ஒரு காதல் கதை உண்டு. ஒருவரையொருவர் பிடிக்காத இரண்டு பேர் ஒரு மரவீட்டில் மாட்டிக்கொள்வார்கள். பனி வீதியை மூடும், மின்சாரம் போகும், கணப்பில் நெருப்பு எரியும். வீதி திறக்கிற நாளில் இருவருக்கும் புறப்பட மனம் வராது. அமெரிக்காவின் ஹால்மார்க் தொலைக்காட்சி இந்த வகைப் படங்களை ஆண்டுதோறும் வரிசையாக எடுக்கிறது. சனமும் விரும்பிப் பார்க்கிறது. எழுந்து போக வழியில்லாத இடத்தில் ஒருவர் எப்படிப்பட்டவர் என்பது சீக்கிரம் தெரிந்துவிடும். அந்தக் கதைகளின் பலம் அதுதான்.

வட இலங்கையின் வன்னியில் பனி கொட்டுவதில்லை. ஆனால் நத்தார் வாரத்தில் வீதி மறிபடுவது நமக்கும் தெரிந்த விஷயம். வங்காள விரிகுடாவில் ஒரு தாழமுக்கம் உருவானால் போதும், குளங்கள் நிரம்பி வான் பாயும், பாலங்கள் மூழ்கும், ஊர் துண்டாகும். ஆகவே இந்தக் கதையை இங்கே எழுதலாம். ஆனால் பனி என்று இருக்கிற இடத்தில் வெள்ளம் என்று மாற்றி எழுதினால் கதை நிற்காது. பனி இரண்டு பேரைத் தனியாக்கும். வெள்ளமோ ஊர் முழுவதையும் ஒரு கூரைக்குக் கீழ் கொண்டுவந்து சேர்க்கும். வன்னியில் அடைபட்ட இருவருக்குத் தனிமை கிடைக்காது. அவர்களைச் சுற்றி நாற்பது குடும்பங்கள் இருக்கும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு வித்தியாசத்தில் இருந்துதான் வருகின்றன.

படி 1: திகதியையும் தண்ணீரையும் தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். "ஒரு மாரி காலத்தில்" என்று பொதுவாகத் தொடங்காதீர்கள். வன்னி வாசகருக்கு ஒவ்வொரு வெள்ளமும் தனியாக நினைவிருக்கும். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது சனம் ஏற்கெனவே போரில் இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தது. அந்த வெள்ளத்துக்குள் இலேசான காதல் கதை ஒன்றை வைக்க முடியாது. 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த மழை வேறு. மறுநாள் விடியும்போது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பல ஊர்கள் தண்ணீரில் நின்றன. ஆயிரக்கணக்கானோர் பாடசாலைகளிலும் பொதுநோக்கு மண்டபங்களிலும் தங்கினார்கள். நத்தாருக்கு மூன்றே நாள் இருந்தது. இந்த வகைக் கதைக்கு அந்த வாரத்தைவிடப் பொருத்தமான காலம் எனக்குத் தெரியவில்லை. இந்த வழிகாட்டியிலும் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது, தண்ணீர் எப்படி வரும் என்பது. இதில்தான் வெளியிலிருந்து எழுதுகிறவர்கள் தவறுகிறார்கள். மழை கொட்டும்போது மட்டும் வெள்ளம் வரும் என்று நினைக்கிறார்கள். வன்னியில் ஊருக்குள் வரும் தண்ணீரில் பெரும்பங்கு குளத்துத் தண்ணீர். மேலே காட்டில் பெய்தது ஆற்றில் இறங்கி, குளத்தை நிரப்பி, வான் பாய்ந்து, பிறகுதான் கீழே வரும். இரணைமடுவுக்குக் கனகராயன் ஆறு தண்ணீர் கொண்டுவருகிறது. வான் கதவுகளைத் திறந்தால் அந்தத் தண்ணீர் கண்டாவளைப் பக்கத்துத் தாழ்ந்த ஊர்களைக் கடந்து சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குப் போகும். அதனால் மழை விட்டு, வானம் வெளித்து, வெயிலும் எறிக்கும்போது முற்றத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்.

கதைக்கு இது பெரிய வசதி. உங்கள் கதையின் இருவரும் நல்ல வெயிலில் அடைபட்டு நிற்பார்கள். "மழை விட்டிட்டுது, நான் போறன்" என்று அவன் பையைத் தூக்குவான். "போங்கோ. மதகடி மட்டும் போய்ப் பார்த்திட்டு வாங்கோ" என்று அவள் சொல்வாள். அரை மணித்தியாலத்தில் இடுப்பளவு ஈரத்தோடு திரும்பி வருவான். அவள் சொன்னது சரி என்று அவன் முதல் தடவை ஒத்துக்கொள்ள வேண்டிய இடம் அது.

குளத்துக்குக் கற்பனைப் பெயர் வையுங்கள். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று உண்மைப் பெயரை எழுதினால், கதவை யார் எப்போது திறந்தார்கள் என்ற கேள்வி கதையை விழுங்கிவிடும். பாதிக்கப்பட்டவர்களுக்கு அது இன்னும் ஆறாத விஷயம்.

படி 2: வீதி எங்கே அறுகிறது?

ஊர் கற்பனையாக இருக்கட்டும், வீதிகள் உண்மையாக இருக்கட்டும். ஏ9 வீதியில் வருகிறவன் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிடாமல், கச்சான் வாங்காமல் போகமாட்டான். வாகனமே அங்கே தானாக நிற்கும். மாங்குளத்தில் கிழக்கே திரும்பினால் ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு. பரந்தனில் திரும்பினால் தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, அதற்கப்பால் நந்திக்கடலைக் கடக்கும் வட்டுவாகல் பாலம். அந்தப் பாலம் தாழ்ந்தது, ஒடுங்கியது. தண்ணீர் உயர்ந்தால் முதலில் அறுபடும் இடங்களில் அதுவும் ஒன்று. ஒரு தாளில் வரைபடம் போட்டு, எந்த மதகு எந்த நேரம் மூழ்குகிறது, எது எப்போது வடிகிறது என்று குறித்து வையுங்கள். கதை முழுவதும் அதை மீறாதீர்கள்.

படி 3: இரண்டு பேர், ஒரு காணி

மோதலைத்தான் மிகவும் யோசித்து அமைக்க வேண்டும். அவள் கலகலப்பு, அவன் சிடுமூஞ்சி; அவளுக்கு நத்தார் பிடிக்கும், அவனுக்குப் பிடிக்காது என்பது போன்ற குண வேறுபாடு பத்துப் பக்கத்துக்கு மேல் தாங்காது. மோதல் ஒரு பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். இருவர் பக்கமும் நியாயம் இருக்க வேண்டும். வன்னியில் அந்தப் பொருளைத் தேடி அலையத் தேவையில்லை. காணி இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்கு இரண்டு பேரை உருவாக்குகிறேன்.

யூட், முப்பத்திரண்டு வயது, ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வளர்ந்தவன். அப்பா முல்லைத்தீவுக் கரையோரத்துக் கத்தோலிக்கர். படித்த வாலிபர் திட்டத்தில் காணி பெற்றவர். முத்தையன்கட்டு, விசுவமடுப் பகுதிகளில் அப்படிக் காடு வெட்டிக் குடியேறிய இளைஞர்கள் பலர். அப்பா எண்பதுகளில் கனடா போனார். இப்போது நோயாளி. "அந்தக் காணியை ஒரு வழி பண்ணிட்டு வா" என்று மகனை அனுப்பியிருக்கிறார்.

தர்சினி, இருபத்தெட்டு வயது, முன்பள்ளி ஆசிரியை, கமக்காரர் அமைப்பின் செயலாளர். தாத்தா மலையகத்தில் தோட்டத் தொழிலாளி. 1977 கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர். அப்படி வந்தவர்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். யூட்டின் அப்பா போகும்போது "பார்த்துக்கொள்ளுங்கோ" என்று விட்டுப்போன ஐந்து ஏக்கரை அவர்கள் முப்பது வருடங்களுக்கு மேலாகப் பார்க்கிறார்கள். போரில் விட்டு ஓடி, முகாமில் இருந்து, திரும்பி வந்து, மறுபடி பற்றை வெட்டியதும் அவர்கள்தான்.

காணி அரசாங்க அனுமதிப்பத்திரக் காணி. நினைத்தபடி விற்க முடியாது, கைமாற்றுவதென்றால் பிரதேச செயலகத்தின் அனுமதி வேண்டும். இது யூட்டுக்குத் தெரியாது. தர்சினிக்கு நன்றாகத் தெரியும். வாங்க ஆள் பார்த்துவிட்டுத்தான் அவன் வந்திருக்கிறான் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இப்போது பாருங்கள். அவனுக்கு அது அப்பாவின் இளமை. அவளுக்கு மூன்று தலைமுறையின் முதுகு. ஒருவரையும் கெட்டவராக எழுதத் தேவையில்லை. அவர்கள் வாய் திறந்தாலே சண்டை வரும்.

காலபோக நெல் வயலில் நிற்கிறது என்பதையும் மறக்காதீர்கள். ஒக்டோபர், நவம்பரில் விதைத்தது டிசம்பர் கடைசியில் தண்ணீருக்குள் போனால், நாட்கணக்கில் மூழ்கி அழுகும். அவன் விற்க வந்த காணியில் அவளுடைய கடனும் நகையும் முளைத்து நிற்கின்றன. அவள் கோபத்துக்கு அடியில் இந்தப் பயம் இருக்கட்டும். சண்டை நடக்கும்போதெல்லாம் அவள் கண் அடிக்கடி வயல் பக்கம் போகட்டும்.

யூட்டுக்கும் ஒரு பழைய நத்தார் கொடுங்கள். 2013 டிசம்பரில் ரொறன்ரோவில் உறைமழை பெய்தது. மரக்கிளைகள் பனிக்கட்டியின் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. இலட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் போனது, சில வீடுகளுக்கு நத்தார் கழிந்த பின்னும் வரவில்லை. யூட்டின் குடும்பம் அந்த நத்தாரை ஒரே அறையில் போர்வைகளுக்குள் கழித்தது என்று வையுங்கள். அம்மா உயிரோடு இருந்த கடைசி நத்தார் அது. பனியில் அடைபடுவது என்ன என்று அவனுக்குத் தெரியும். தண்ணீரில் அடைபடுவதுதான் புதிது. அந்தக் குளிர்நாட்டுக் கதை இப்படி நம் கதைக்குள் நேர்மையாக வந்து உட்காரும். இதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடாதீர்கள். மூன்றாம் இரவு வரை வைத்திருங்கள்.

படி 4: பாடசாலைக் கட்டடம்

கதையின் முக்கால்வாசி இங்கேதான் நடக்கும். அதனால் இடத்தை நுணுக்கமாகப் பாருங்கள்.

டிசம்பர் பாடசாலை விடுமுறை, அதனால் வகுப்பறைகள் காலி. சாதாரண தரப் பரீட்சை முடிந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை, மேசைகளில் சுட்டெண் துண்டுகள் இன்னும் ஒட்டியிருக்கும். சனம் மேசைகளை ஒன்றோடொன்று சேர்த்துப் படுக்கை போடும். கரும்பலகைக்குக் கீழே நெல் மூட்டை, யன்னல் கம்பியில் ஈரச் சேலை, வராந்தாவில் கட்டின ஆடு. முதல் நாள் கிராம சேவையாளர் வந்து பெயர் பதிவார். பிறகு சமைத்த உணவு வரும், அல்லது அரிசியும் பருப்பும் வந்து சனமே சமைக்கும். கிணற்றுக்குள் வெள்ளம் புகுந்தால் குளோரின் போடச் சுகாதாரப் பரிசோதகர் வர வேண்டும். கழிவறை வரிசை எப்போதும் நீளம். இரவில் பாம்புப் பயம். கைபேசிக்குச் சார்ச் ஏற்ற ஒரே வழி யாரோ ஒருவருடைய உழவு இயந்திரத்தின் பற்றரி.

இதற்குள் இரண்டு பேர் எப்படி நெருங்குவது? குளிர்நாட்டுக் கதையில் ஒரே கட்டில் செய்யும் வேலையை இங்கே வேலை செய்யும். ஆம், வேலைதான். ஒரே கிடாரத்தில் சோறு, ஒரே பதிவுக் கொப்பி, ஒரே தேங்காய்க் குவியல். தர்சினி கையில் கொப்பி இருக்கிறது. யாருக்கு என்ன வேலை என்று அவள்தான் பிரிக்கிறாள். யூட்டின் பெயரை எந்தக் குடும்பத்தின் கீழ் எழுதுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. இந்த இடத்தை நான் இப்படி எழுதுவேன்:

"பெயர்?"

"யூட்."

"எத்தனை பேர்?"

"நான் மட்டும்."

"தனிய வந்தவைக்குக் கொப்பியில கோடு இல்லை. குடும்பம் குடும்பமாத்தான் சாப்பாடு குடுப்பினம்."

வரிசையில் பின்னால் நின்ற அவளுடைய அப்பாயி எட்டிப் பார்த்தாள். "நம்ம கணக்குல எழுது புள்ள. அந்த ஐயாவோட மகன்தானே. பட்டினி போட முடியுமா?"

தர்சினி பேனையை அழுத்தி எழுதினாள். ஆறு என்று இருந்ததை ஏழு ஆக்கினாள்.

காணியை விட்டு எழுப்ப வந்தவன் அதே குடும்பத்தின் சாப்பாட்டுக் கணக்கில் ஏழாவது ஆளாகிறான். அவனும் அவளும் ஒரு வார்த்தை அன்பாகப் பேசவில்லை, ஆனால் அதன் பிறகு அவனுக்கு வரும் ஒவ்வொரு கோப்பைச் சோறும் அந்த ஏழில் இருந்து வருகிறது. மோதலையும் நெருக்கத்தையும் ஒரே பொருளில் வைப்பது என்றால் இதுதான்.

அப்புறம் படிப்படியாகப் போகலாம். அவனைத் திருவலையில் உட்கார்த்துங்கள். தேங்காய் திருவத் தெரியாமல் விரலைக் கீறட்டும், ஆனால் எழும்பாமல் இருபது தேங்காயும் முடிக்கட்டும். காய்ச்சல் பிள்ளை ஒன்றை அதன் தாயோடு உழவு இயந்திரத்தில் ஏற்றி, தண்ணீரைக் கடந்து பிரதான வீதி வரை கொண்டுபோகிற இரவு ஒன்று வரட்டும். அந்தப் பெட்டியில் அவர்கள் எதிரெதிரே இருப்பார்கள், சத்தத்தில் பேச முடியாது. அவன் தன் குளிர்ச்சட்டையைப் பிள்ளைக்குக் கொடுப்பான். அவள் அதைப் பார்த்தாள் என்று மட்டும் எழுதுங்கள், போதும்.

ஊர்க் கண்களைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். குளிர்நாட்டுக் கதையில் சாட்சி கிடையாது, இங்கே எல்லாரும் சாட்சி. இருவரும் கிணற்றடியில் இரண்டு நிமிடம் நின்றால் மூன்று பேர் கவனிப்பார்கள், ஒருவர் தர்சினியின் அம்மாவிடம் சொல்வார். கதை முடிந்து யூட் விமானம் ஏறிவிடலாம். அவள் அதே ஊரில் இருக்க வேண்டும். இந்தச் சமனின்மையை எழுதாமல் விட்டால் காதல் பொய்யாகத் தெரியும். அவள் எச்சரிக்கையாக இருப்பதை "திமிர்" என்று அவன் முதலில் நினைக்கட்டும், பிறகு புரிந்துகொள்ளட்டும்.

அதேநேரம், மற்றவர்களின் துன்பத்தை இருவருக்கான அலங்காரமாக்காதீர்கள். ஒரு கிழவர் காணாமல் போன மாடுகளை நினைத்து அழுதால், அந்த அழுகை அவர்கள் இருவரும் கைகோர்ப்பதற்காக வரக்கூடாது. அது அவருடையது. பக்கத்து வாங்கிலில் இருப்பவர்களுக்கும் சொந்தக் கதை இருக்கிறது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும். பொலித்தீன் பையில் மூன்று சுற்றுச் சுற்றி நெஞ்சோடு கட்டிய ஆவணங்கள் இல்லாத மூதாட்டி வன்னியில் குறைவு. அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், காணாமல்போன மகனின் படம். 2009க்குப் பிறகு அந்தப் பைதான் அவர்களுடைய வீடு. அப்பாயியின் பையை இங்கே காட்டி வையுங்கள், கடைசியில் அது தேவைப்படும்.

மீட்க வரும் படகு பெரும்பாலும் கடற்படையினுடையதாகவோ இராணுவத்தினுடையதாகவோ இருக்கும். சீருடையைக் கண்டதும் சிலர் மௌனமாவார்கள், சிலர் நன்றி சொல்வார்கள், பலர் இரண்டையும் செய்வார்கள். ஒரு பத்தியில் உள்ளபடி எழுதிவிட்டுப் போங்கள்.

படி 5: பேச்சு

யூட்டின் தமிழ் அப்பாவிடம் கற்றது. எண்பதுகளின் முல்லைத்தீவுத் தமிழ் அப்படியே உறைந்து போயிருக்கும். ஊரிலேயே இப்போது பலர் சொல்லாத சொற்களை அவன் சொல்வான், கிழவர்களுக்கு அது இனிக்கும். தர்சினி வன்னித் தமிழில் கதைப்பாள், அப்பாயியோடு மட்டும் மலையகப் பேச்சுக்கு மாறுவாள். வெளியாட்கள் முன் அவள் அதை மறைத்து வளர்ந்தவள் என்று வையுங்கள். அவன் முன்னால் முதல் தடவை தயங்காமல் "என்னா அப்பாயி" என்று அவள் கூப்பிடும் இடம், கன்னத்தில் முத்தம் கொடுப்பதைவிடப் பெரிய இடம்.

மரியாதைப் பன்மையைக் கவனமாகக் கையாளுங்கள். இருவரும் "நீங்கள்" என்றே தொடங்குவார்கள், சண்டையிலும் அது மாறாது. நடுவில் ஒருநாள் அவன் வாயில் "நீர்" வரும். அப்பாவும் அம்மாவும் பேசியதைக் கேட்டுப் பழகிய சொல். அவள் அதைத் திருத்தாமல் விடட்டும். பெரியவர்கள் அவனைத் தம்பி என்பார்கள், சின்னப் பிள்ளைகள் மாமா என்பார்கள், அவளை எல்லாரும் ரீச்சர் என்பார்கள். அவன் மட்டும் ஒருநாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மண்டபமே திரும்பிப் பார்க்கும்.

படி 6: நத்தாரை எதைக்கொண்டு செய்வது

ஒரு சின்னத் திருப்பம் வையுங்கள். கத்தோலிக்கனான யூட்டுக்கு அம்மா போன பிறகு நத்தார் வெறுத்துவிட்டது. சைவப் பெண்ணான தர்சினியோ முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒளி விழா பழக்கியிருக்கிறாள், வெள்ளம் வந்து அது நின்றுபோனது. பிள்ளைகள் கேட்டபடி இருக்கிறார்கள். அவளுக்குச் சமய நோக்கம் எதுவும் கிடையாது. பழக்கிய பாட்டைப் பிள்ளைகள் பாட வேண்டும், அவ்வளவுதான்.

பாலன் குடில் செய்ய வைக்கோல் எல்லாம் நனைந்திருக்கும். நிவாரணப் பொதி வந்த காட்போட் பெட்டி இருக்கிறது. யேசு பாலனுக்குச் சொரூபம் கிடையாது, ஒரு பிள்ளையின் பொம்மை போதும். கேக் கிடையாது, ரவையும் முந்திரிகையும் பூசணித் தோசியும் போட்ட ரிச் கேக்கை மணமாக நினைக்க மட்டும்தான் முடியும். யாரோ காப்பாற்றிக் கொண்டுவந்த பயற்றம் உருண்டைத் தகரம் ஒன்று திறக்கப்படலாம். ஒரு தேத்தண்ணீர்க் கோப்பைக்கு ஒரு உருண்டை, அதையும் நாலாகப் பிரித்து. நள்ளிரவுத் திருப்பலிக்குக் குருவானவர் வர வழியில்லை. யாராவது ஒரு மீனவத் தாய் செபமாலை சொல்லத் தொடங்குவாள்.

2018இல் திருவெம்பாவை நாட்களும் இந்த வாரத்தில்தான் வந்தன; 23ஆம் திகதி திருவாதிரை. அதிகாலையில் பாடசாலையின் ஒரு பக்கத்தில் கிழவர்கள் திருவெம்பாவை படிக்க, மறுநாள் இரவு இன்னொரு பக்கத்தில் பிள்ளைகள் கரோல் பாடுவது கற்பனைக்காகச் சேர்த்த ஒற்றுமைக் காட்சியாக இராது, நாட்காட்டியே அப்படி. வேறு ஆண்டை எடுத்தால் திகதி பார்த்து எழுதுங்கள், ஒவ்வொரு ஆண்டும் இப்படிப் பொருந்தாது.

பாட்டின் நடுவில் பிள்ளைகளுக்கு அடி மறந்துபோக, வாசலில் ஒதுங்கி நின்ற யூட் அதை எடுத்துக் கொடுக்கிறான். அம்மா சொல்லித்தந்த பாட்டு. அன்றிரவு வராந்தாவில், இருவருக்கும் நடுவில் இரண்டு பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்க, உறைமழை பெய்த நத்தாரைப் பற்றி அவன் அவளிடம் சொல்லட்டும். தொடவேண்டாம். அவள் ஒரு கேள்வி கேட்டால் போதும்: "அம்மாவுக்கு இந்த ஊர் பிடிச்சிருந்ததா?"

படி 7: இருபத்தாறாம் திகதி

முல்லைத்தீவில் நத்தார்க் கதை எழுதுகிறவர் அடுத்த நாளைத் தாண்டிப் போக முடியாது. 2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை இந்தக் கரையை அழித்தது. நத்தாருக்கு வாங்கிய புதுச் சட்டையோடு போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த நாள் இலங்கையில் தேசிய பாதுகாப்பு தினம், காலை 9.25க்கு இரண்டு நிமிட அகவணக்கம். பாடசாலையில் அடைபட்ட சனம் வெள்ளத்தைப் பார்த்தபடி அந்த இரண்டு நிமிடமும் நிற்கும். செபமாலை சொன்ன தாய் யாரை இழந்தவள் என்று யூட்டுக்கு அப்போது தெரியவரட்டும்; அவனுடைய அப்பாவின் உறவு முறையாகக்கூட அவள் இருக்கலாம். நீளமாக எழுதாதீர்கள், அரைப் பக்கம் போதும்.

படி 8: தண்ணீர் வடிகிறபோது சண்டை

நெருக்கத்துக்குப் பிறகு ஒரு முறிவு வேண்டும். அது தவறான புரிதலால் வரக்கூடாது. யாரோ பாதி கேட்டதைச் சொன்னார்கள், அவள் கோபித்துக்கொண்டாள் என்பது சோம்பேறித்தனம். உண்மையான காரணம் உங்களிடம் முதல் அத்தியாயத்தில் இருந்தே இருக்கிறது. மதகு தெரியத் தொடங்கியதும் காணி வாங்க இருந்தவர் வைபரில் அழைக்கிறார். யூட் எடுத்துப் பேசுகிறான். "இன்னும் முடிவெடுக்கவில்லை" என்கிறான். அவள் கேட்டது அந்த ஒரு வசனத்தைத்தான், அதைச் சரியாகவே கேட்டாள். இத்தனை நாள் ஒரே கணக்கில் சாப்பிட்டும் அவன் முடிவெடுக்கவில்லை.

அவள் கோபத்தில் கத்தக்கூடாது. கொப்பியைத் திறந்து ஏழைத் திரும்ப ஆறு ஆக்கட்டும். சனம் வீடு திரும்பும் நாள், சேறு அள்ளும் வேலை. அவனுக்குப் பாதை திறந்துவிட்டது, யாரும் மறிக்கவில்லை.

இங்கே யூட்டைத் தனியாக வயலுக்கு அனுப்புங்கள். போகும் வழியில் யாராவது ஒரு பெரியவர் "தம்பி, வரம்பை விட்டு இறங்காதையுங்கோ" என்று சொல்ல வேண்டும். வெள்ளம் வெடிபொருட்களை நகர்த்திக் கொண்டுவரக்கூடிய மண் அது, அங்குள்ளவர்கள் அதை நாள்தோறும் நினைவில் வைத்து நடக்கிறார்கள். பாதி நெல் சாய்ந்து சேற்றில் கிடக்கும், மேட்டுப் பக்கத்தில் பாதி நிற்கும்.

படி 9: முடிவு

காதல் கதைக்கு நம்பிக்கை தரும் முடிவு வேண்டும். அது இந்த வகையின் அடிப்படை ஒப்பந்தம், வாசகரை ஏமாற்றாதீர்கள். ஆனால் காணி சீதனம் ஆகிவிடக் கூடாது. "உன்னைக் காதலிக்கிறேன், அதனால் காணி உனக்கு" என்று அவன் சொன்னால் அவளுடைய மூன்று தலைமுறை உழைப்பு ஒருவனின் பரிசாகச் சுருங்கிவிடும். "என்னைக் கட்டினால் காணி இருவருக்கும்" என்றால் இன்னும் மோசம்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் காணி, அதற்குப் பிறகு, அதோடு சம்பந்தமில்லாமல், காதல். அப்பாயி தன் பொலித்தீன் பையில் இருந்து ஒரு கடிதத்தை எடுக்கிறாள். யூட்டின் அப்பா புறப்படும்போது கையெழுத்திட்டுக் கொடுத்தது: "இந்தக் காணியை இவர்கள் செய்து வாழட்டும்." சட்டத்தில் அதற்குப் பெறுமதி குறைவு. அவள் ஒருநாளும் அதை யாரிடமும் காட்டிக் கேட்டதில்லை. யூட் அதைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்புகிறான். அப்பா நெடுநேரம் கழித்து அழைக்கிறார். அவருடைய முடிவு அவருடையதாகவே இருக்கட்டும். யூட் பிரதேச செயலகத்துக்குப் போய், உரிமை கோரவில்லை என்று எழுதிக் கொடுக்கிறான். அந்தக் குடும்பத்தின் பெயருக்கு அனுமதிப்பத்திரம் வர இனி விண்ணப்பம், காணிக் கச்சேரி என்று காலம் எடுக்கும். அதை ஒரே நாளில் முடித்துக் காட்டாதீர்கள். அலுவலகத்தில் காத்திருந்த எல்லாருக்கும் அது பொய் என்று தெரியும்.

இதைத் தர்சினிக்கு அவன் சொல்லக்கூடாது. காணிக் கிளையில் வேலை செய்கிற யாரோ மூலம் அவள் கேள்விப்படட்டும். அவன் விமானச்சீட்டின் திகதி ஜனவரி நடுப்பகுதி. பொங்கல் வருகிறது. நின்ற நெல்லில் முதல் அரிவு அவ்வளவு சீக்கிரம் வராது, ஆனால் முன்னதாகக் கதிர் முற்றிய ஒரு மூலை இருக்கும். அவள் அவனைப் பொங்கலுக்கு வரச் சொல்கிறாள். எல்லாருக்கும் கேட்கும்படி, வாசலில் நின்று, பெயர் சொல்லி. ஊர்க் கண்களுக்குப் பயந்தவள் ஊர் பார்க்கக் கூப்பிடுகிறாள். இந்தக் கதையின் காதல் வாக்குமூலம் அதுதான்.

அவன் இங்கேயே இருப்பானா, அவள் அங்கே போவாளா? இருவரையும் அவசரமாக இடம் மாற்றாதீர்கள். அவள் கனடா போய்விடுவதாக முடித்தால் காணிக்காக அவள் பட்டதெல்லாம் என்னவாவது? அவன் வேலையைத் தூக்கி எறிந்து வயலில் இறங்குவதாக முடித்தால் நம்ப முடியாது. அவன் விமானச்சீட்டைத் தள்ளிப் போட்டான், சிறுபோகம் விதைக்கும்போது திரும்பி வருவதாகச் சொன்னான், அவள் நம்பினாள் என்ற அளவில் நிறுத்துங்கள். நம்புவதற்கு வேண்டிய காரணங்களை அவன் செயலால் ஏற்கெனவே கொடுத்திருக்க வேண்டும்.

படி 10: எழுதி முடித்த பிறகு

சிறுகதையாக எழுதினால் படி 4, 6, 8 மூன்றையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் ஓரிரு வரிகளில் வந்துபோகட்டும். குறுநாவலாக எழுதினால் ஒவ்வொரு நாளும் ஓர் அத்தியாயம்: 21 முதல் 27 வரை, பிறகு பொங்கல்.

திருத்தும்போது "பனி", "கணப்பு", "சூடான சொக்கலேட் பானம்" என்ற வகைச் சொற்கள் யூட்டின் நினைவுகளுக்கு வெளியே எங்காவது தப்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வன்னி டிசம்பரின் குளிர் வேறு, ஈரம் காயாத துணியின் குளிர். தண்ணீர் மட்டம் உங்கள் வரைபடத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். இருவரும் தனியாக இருக்கும் ஒவ்வொரு காட்சியிலும் அருகில் யார் இருக்கிறார் என்று பெயர் எழுதுங்கள். யாரும் இல்லை என்றால் அந்தக் காட்சி எப்படிச் சாத்தியமானது என்று யோசியுங்கள்.

பிறகு, வெள்ளத்தில் பாடசாலையில் படுத்த ஒருவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். காதல் பகுதியில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டாம், சாப்பாட்டு வரிசைப் பகுதியில் பாருங்கள். அங்கே அவர் "இல்லை, இப்படி நடக்காது" என்று குறுக்கிட்டால், காதலைத் தொடாமல் முதலில் அந்த வரிசையைத் திருத்துங்கள்.